தண்ணீர்ப் பங்கீடு: வறட்சி வருமுன்பே பேசி முடிக்க வேண்டிய கணக்கு

கோப்பெங் - பேராக் ஆற்று நீரைப் பினாங்குக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு பத்தாண்டுகளுக்கு மேலாக நீடிக்கிறது. பினாங்கு கேட்டது சுத்திகரிக்கப்படாத ஆற்று நீர். மந்திரி பெசார் டத்தோஸ்ரீ சாராணி முகமட் தலைமையிலான பேராக் அரசோ, சுத்திகரித்த நீரை விற்பதையே விரும்புகிறது. கோப்பெங்கில் குழாயைத் திறப்பவருக்கு இது இரண்டு அரசுகளின் வியாபாரப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில் யார் வீட்டுக் குழாய் முதலில் வறண்டு போகும் என்பதைத் தீர்மானிக்கப் போவதும் இதே பேச்சுதான்.

கெடாவும் பினாங்கும்

பினாங்கு தனக்குத் தேவையான நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. அந்த ஆற்றுக்கு நீரூட்டுவது கெடாவின் உலு மூடா காடு. அதன் பரப்பளவு 1 லட்சத்து 60 ஆயிரம் ஹெக்டருக்கும் அதிகம். காட்டைக் காப்பது தாங்கள், பயனடைவது பினாங்கு என்று கூறி, ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கேட்கிறது கெடா மந்திரி பெசார் டத்தோஸ்ரீ முகமட் சனுசியின் அரசு. ஆறு பினாங்கு எல்லையையும் ஒட்டி ஓடுகிறது, 1985ஆம் ஆண்டின் எல்லைத் திருத்தச் சட்டமே அதற்குச் சான்று என்று கூறிப் பணம் தர மறுக்கிறது பினாங்கு.

சட்டப்படி பினாங்கின் வாதத்துக்கு வலு உண்டு. நியாயப்படி கெடாவின் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் உள்ளவை. மரம் வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம் வரும். வெட்டாமல் விட்டால் வராது. அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது? காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் தனி நிதி வழங்கி வருகிறது. அப்போது 6 கோடி ரிங்கிட்டாக இருந்த அத்தொகை 2024 வரவு செலவுத் திட்டத்தில் 20 கோடியானது. நல்ல தொடக்கம்தான். ஆனால் எல்லா மாநிலங்களும் பங்கு போட்டுக்கொள்ளும் தொகை அது.

பேராக்கின் தயக்கம்

பேராக் கையை இறுக்கிப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பித்தான் கிரியான் வயல்கள் விளைகின்றன. 2024இல் அதன் நீர்மட்டம் இறங்கியபோது நடவு பாதிக்கப்பட்டது. அதே வட்டாரத்தில் புதிய தொழிற்பேட்டைத் திட்டமும் வருகிறது. வயலுக்கா, தொழிற்சாலைக்கா, பக்கத்து மாநிலத்துக்கா என்ற கேள்வி இப்போதே எழுந்துவிட்டது. எல் நினோ ஆண்டுகளில் வெப்பம் கூடி, மழை தள்ளிப் போகும்போது அந்தக் கேள்வி இன்னும் கடுமையாகும்.

கோப்பெங்குக்கு இது புதிய பாடமல்ல. மலைநீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கி, அதன் வேகத்தில் மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த ஊர் இது. இன்று கம்பார் ஆற்றில் படகு விடும் சுற்றுலாத் தொழிலும், டுரியான் தோட்டங்களும், மேலே செமாய் பூர்வகுடிக் கிராமங்களும் அதே மலைநீரை நம்பியிருக்கின்றன. உலு கெருந்தும் பகுதியில் சிறு நீர்மின் திட்டம் வந்தபோது பூர்வகுடி மக்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள். முன்கூட்டியே கலந்து பேசாவிட்டால், புகைவிடாத பசுமை மின்சாரம்கூட ஓர் ஊரில் சச்சரவை உண்டாக்கிவிடும்.

தோட்டப்புறங்களின் நிலை வேறு. லயத்து வீடுகளுக்குக் குழாய்நீர் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. ஆனால் தோட்டம் கைமாறி, வேலை நின்று, குடும்பங்கள் மட்டும் தங்கிவிட்ட இடங்களில் அந்தக் கடமை யாருடையது? தண்ணீர் குறையும் நாளில் முதலில் சண்டை மூள்வது இத்தகைய பொதுக்குழாயடியில்தான்.

காவிரி கற்றுத் தந்தது

தண்ணீர்ச் சண்டை இனச் சண்டையாக மாறுவதைத் தமிழர்கள் நேரில் கண்டவர்கள். 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை அடுத்து, கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016இல் பெங்களூரில் மீண்டும் வன்முறை வெடித்தது. தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தும், மழை குறைந்த ஆண்டுகளில் பிரச்சினை திரும்பவும் தலைதூக்குகிறது. நல்ல மழைக்காலத்துக்கான பங்கு எழுதப்பட்ட அளவுக்குப் பற்றாக்குறைக் காலத்துக்கான பங்கு தெளிவாகவில்லை என்பதே அதன் முக்கியக் காரணம்.

அதே காவிரியில் இன்னொரு முயற்சியும் நடந்தது. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ்.ஜனகராஜன் முன்முயற்சியால் இரு மாநில விவசாயிகளும் ஒன்றுகூடி 'காவிரிக் குடும்பம்' என்ற குழுவை அமைத்தார்கள். ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். வழக்கு அதனால் முடிந்துவிடவில்லை. ஆனால் எதிரி என்று நினைத்தவரின் பயிரும் வாடிக் கிடப்பதைப் பார்த்தவர், தண்ணீரைத் திருடுகிறான் என்று அவர்மீது எளிதில் பழி போடமாட்டார்.

மறுபுறம், ஜொகூர் - சிங்கப்பூர் ஒப்பந்தம் இருக்கிறது. 1962இல் ஆயிரம் கேலனுக்கு 3 சென் என்று முடிவான விலை, 2061 வரை நீளும் ஒப்பந்தத்தில் இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. இருந்தாலும் தண்ணீர் ஓடுகிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் சண்டையைத் தடுக்கும்; காலத்துக்கேற்ப விலையைத் திருத்தும் வழி அதில் இல்லாவிட்டால் மனக்கசப்பைத் தடுக்காது.

பேராக்கின் ஒப்பந்தத்தில் இந்தப் பாடங்கள் இடம்பெற வேண்டும். வறட்சிக் காலத்தில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். ஆற்றின் நீர் அளவு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். விற்பனை வருமானத்தில் ஒரு பகுதி நீர்ப்பிடிப்புக் காடுகளுக்கும் அங்கு வாழ்வோருக்கும் போக வேண்டும். பேச்சு மேசையில் கிரியான் விவசாயிக்கும், செமாய் கிராமத்தாருக்கும், தோட்டப்புறக் குடியிருப்பாளருக்கும் நாற்காலி வேண்டும்.

தோட்டப்புறக் குடியிருப்புகளின் நீர் நிலவரத்தை ஊர்ச் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் இப்போதே எழுத்தில் திரட்டிச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒப்படைக்கலாம். எந்த வீட்டுக்கு எந்தக் குழாய், அதற்கு யார் பொறுப்பு என்ற ஒரு பக்கப் பட்டியல் போதும். கணக்கில் வராதவருக்குப் பங்கு வந்ததில்லை.