எண்ணமும் எழுத்தும்

கையசையாது எழுதுதலும் நாவசையாது பேசுதலும் அண்மைக்காலம்வரை கதைகளுக்கே உரியனவாயிருந்தன. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அறிஞர், கை வழங்காத ஒருவர் எழுதுவதாக எண்ணிய எழுத்துக்களை, அவர் மூளையிற் பதித்த மின்முனைகளால் அறிந்து, நிமிடத்துக்கு 90 வீதம் கணினித்திரையில் தோற்றுவித்தனர். 2023இல், நரம்பு நோயாற் பேச்சிழந்த பெண்மணியொருவர் பேச முயன்ற சொற்களை நிமிடத்துக்கு 62 வீதம் வெளிப்படுத்தினர். ஏறக்குறைய நான்கு சொல்லுக்கு ஒன்று பிழைத்தது என்பதையும் மறைத்தாரல்லர்.

கணினி உள்ளத்தையே படித்துவிட்டது எனச் சிலர் அஞ்சுகின்றனர். அக்கருவி அறிவது கருத்தையன்று. இதழையும் நாவையும் தாடையையும் அசைக்குமாறு மூளை விடுக்கும் ஏவலையே. தொல்காப்பியத்துப் பிறப்பியலைக் கற்றார்க்கு இது விளங்குதல் எளிது. உள்ளிருந்தெழும் காற்று மிடறு, நா, பல், இதழ் முதலிய இடங்களிற் பொருந்தி எழுத்தொலியாகுமாற்றை அந்நூல் வகுத்துரைக்கின்றது. அவ்வறிஞரும் ஆங்கிலப் பேச்சை 39 ஒலிகளாகப் பகுத்தே வழி கண்டனர். (எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தன எனப் பெருமை பேசுவேனல்லேன்.)

மண்டையைத் திறவாது, மின்முனை பொருத்திய தொப்பியணிந்து எழுதும் முறையும் உண்டு. 1988இல் ஃபார்வெல், டொன்சின் என்னும் இருவர் அமைத்த பலகையில் 36 கட்டங்கள் உள. அவற்றின் வரிசைகள் மாறிமாறி ஒளிரும். வேண்டிய எழுத்து ஒளிருங்கால், நோக்குவோரது மூளையலை ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கு கழிவதற்குள் எழும்பும். கணினி அதனைக் கண்டுகொள்ளும். விரைவு குறைவே, ஆயினும் அறுவை வேண்டா.

தமிழெழுத்து 247ஆயிற்றே, 36 கட்டம் எங்ஙனம் போதும்? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. உயிர்மெய் 216உம் இவற்றின் சேர்க்கையே. எஞ்சிய ஐந்து கட்டங்கள் இடைவெளிக்கும் அழித்தலுக்கும் பிறவற்றுக்கும் ஆம். சென்னையில் 1999ஆம் ஆண்டு மாநாட்டில் உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையும் இந்நெறியையே கைக்கொண்டது.

இடர் வேறிடத்தில் உளது. 2023ஆம் ஆண்டுக் கருவி, ஐயப்பட்ட ஒலிகளைச் சொல்லாக்குதற்கு, பெருந்தொகையான ஆங்கில வாக்கியங்களிற் பயின்ற மொழிமாதிரியைத் துணைக்கொண்டது. தமிழுக்கு அத்துணையை அமைப்போர் நூல்வழக்கை மட்டும் ஊட்டுவராயின் யாது நிகழும்? முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையிலானோர், போர் கண்ட வடக்கிலும் கிழக்கிலும் பலர். திரியாயில் அத்தகையார் ஒருவர் "தண்ணி தாங்கோ, நோகுது" எனச் சொல்ல முயன்றால், செந்தமிழே கற்ற கருவி அதனை வேறெதுவாகவோ மாற்றிவிடும். பண்டிதனொருவன் இதனை உரைத்தல் வியப்பாகலாம். ஆயினும் வகுப்பறையில் யாம் திருத்தும் அப்பேச்சுவழக்கையே ஊரூராக ஒலிப்பதிவு செய்து தொகுத்தல் முதல் வேலை. அதற்கு மின்முனையும் வேண்டா, மருத்துவரும் வேண்டா. கைப்பேசியும் பொறுமையுள்ள மாணாக்கர் சிலரும் போதும்.