சுரண்டிய பூவை மறுபடி செதுக்காதீர்கள்

பென்சில்வேனியாவில் இருக்கும் என் அக்கா மகன் பழைய ராணுவ ரைஃபிள் எது வாங்கினாலும் முதல் படம் எனக்குத்தான் அனுப்புவான். இந்த வாரம் வந்தது சுவிட்சர்லாந்தின் கே-31. இரண்டு நாளாக வேறு நினைப்பே இல்லை. நம் ஊரில் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் உள்ளவர்கூடப் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே 50 வயதைத் தாண்டிய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்றே தனி உரிமம் தருகிறார்கள். அவன் சேர்க்கிறான், நான் படித்துச் சொல்கிறேன். எங்களுக்குள் இப்படித்தான் ஓடுகிறது.

கே-31ஐ 1933 முதல் 1958 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். போல்ட்டைத் தூக்கித் திருப்ப வேண்டாம். பிடித்து நேராகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். கடிகாரம் செய்த கைகள் அல்லவா, அத்தனை நேர்த்தி. ஆனால் என்னைக் குதூகலப்படுத்தியது அது இல்லை. பின்கட்டையின் அடியில் ஓர் இரும்புத் தகடு உண்டு. திருகுகளைக் கழற்றி அதை எடுத்தால், சில ரைஃபிள்களில் உள்ளே ஒரு சின்னச் சீட்டு இருக்கும். அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், பிறந்த வருடம், படைப்பிரிவு, ஊர் எல்லாம் அதில் இருக்கும். சுவிஸ் சிப்பாய் ரைஃபிளை வீட்டில்தான் வைத்துக்கொள்வார் என்பதால் சீட்டில் இருப்பது அவருடைய சொந்த ஊர். அந்த முகவரிக்குக் கடிதம் போட்டு, முதியவராகிவிட்ட அதே சிப்பாயிடமிருந்து பதில் வாங்கிய அமெரிக்கர்களும் உண்டு. அக்கா மகன் வாங்கியதிலும் சீட்டு இருந்தது.

கே-31 பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். ஆனால் அதே படத்தின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்ற இன்னொரு ரைஃபிளைக் காட்டி அவன் ஒன்று கேட்டான். அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

“மாமா, இந்த ஜப்பான் ரைஃபிள்ல பூ அழிஞ்சிருக்கு பாருங்க. ஒருத்தர் பழையபடி செதுக்கித் தர்றேங்கிறார். கட்டையையும் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுத் தருவாராம். கொடுத்துடட்டுமா?”

உப்புத்தாளின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. சுத்தம் செய்கிறோம் என்று கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டை மழுங்கடித்தவர்களைப் பற்றி இதே இடத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்தை அழித்துவிட்டுக் கல் பளபளக்கிறது என்று மகிழ்கிற அதே புத்திதான் பழைய ரைஃபிளின் கட்டையையும் தேய்க்கச் சொல்கிறது. ஆய்வு முத்திரை, தொழிற்சாலைக் குறி, தோள் பட்டுப் பட்டுக் கறுத்த மரம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தூளாகக் கீழே கொட்டிவிடும். பிறகு எந்த விலை கொடுத்தாலும் திரும்பாது. வேட்டைக்கு வசதியாக இருக்கட்டும் என்று ராணுவ ரைஃபிள்களின் முன்கட்டையை அறுத்தெறிந்தவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களையாவது மன்னிக்கலாம், அன்று அவை மலிவான சரக்கு. இன்று மதிப்புத் தெரிந்தே தேய்ப்பவர்களை எப்படி மன்னிப்பது?

இனி அந்தப் பூ. அது அரிசாகா வகை 99. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2599, அதாவது 1939, என்பதால் அந்த எண். குழல் வந்து பொருந்தும் ரிசீவரின் மேல் பதினாறு இதழ் சாமந்தி பொறித்திருப்பார்கள். பேரரசரின் சின்னம் அது. ரைஃபிள் அவருடைய சொத்து, சிப்பாய் அதைச் சுமப்பவர் மட்டுமே. 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு ஒப்படைத்தவற்றில் பெரும்பாலும் பூவைத் தேய்த்துவிட்டார்கள். பேரரசரின் சின்னம் எதிரி கைக்குப் போகக் கூடாது என்பதே பொதுவாகச் சொல்லும் காரணம். போர்க்களத்திலேயே கைப்பற்றியவற்றில் பூ அப்படியே இருக்கும். அதனால் பூ உள்ளதற்கு விலை அதிகம். அதனால்தான் போலிப் பூ செதுக்கும் தொழிலும் நடக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இந்த ரைஃபிள் எந்த வழியாக அமெரிக்கா வந்தது என்பதற்கு அந்தச் சுரண்டல்தான் சாட்சி. தோற்ற நாட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து தன் பேரரசரின் சின்னத்தைத் தேய்த்த அரம் பட்ட கோடுகள் அவை. அதன் மேல் புதுப்பூ செதுக்குவது, சரணடைந்த ரைஃபிளைப் போர்க்களத்தில் பிடித்ததாகப் பொய்ச்சாட்சி சொல்ல வைப்பது.

வரிசை எண்ணின் பக்கத்தைப் பெரிதாக்கி அனுப்பச் சொன்னேன். பீரங்கிக் குண்டுகளை அடுக்கியதுபோல ஒன்றோடொன்று பின்னிய நான்கு வட்டங்கள். கொகுரா ஆயுதச்சாலையின் குறி. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாம் அணுகுண்டோடு கிளம்பிய விமானத்துக்கு முதல் இலக்கு கொகுரா. குறிவைத்த இடமே அந்த ஆயுதச்சாலைதான். மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்த வட்டங்களை உப்புத்தாள் தொட்டிருந்தால் இந்த ரைஃபிள் எந்த ஊருடையது என்று யார் சொல்வது?

வகை 99களை வரிசையாக வைத்தால் போரின் போக்கே தெரியும். ஆரம்பத்தில் வந்தவற்றில் குழலின் உட்புறம் குரோமியம் பூசியிருக்கும். விமானத்தைக் குறிபார்க்கக் குறிகாட்டியில் மடக்குக் கைகள். முன்னால் ஊன்றிக்கொள்ளக் கம்பிக்கால். பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கடைசியில் வந்தவற்றில் குறிகாட்டி அசையாத ஒரு துளை, பின்கட்டையில் இரும்புத் தகட்டுக்குப் பதில் மரத்துண்டு, இழைப்புத் தழும்போடு அப்படியே விட்ட கட்டை. எஃகு இல்லை, நேரமும் இல்லை. கார்த் தொழிலுக்குப் பெயர்போன இன்றைய மாஸ்டா, டோயோ கோகியோ என்ற பெயரில் ஹிரோஷிமா அருகே இந்த ரைஃபிள்களைச் செய்துகொண்டிருந்தது. அந்தச் சொரசொரப்பு அலட்சியத்தால் வந்ததல்ல. ஒரு நாடு தீர்ந்துகொண்டிருந்ததன் பதிவு. அழகு பார்த்து அதை வழவழப்பாக்கினால் 1945ஐயே அழித்துவிடுவோம்.

இவை கொல்வதற்கென்று செய்த கருவிகள். அதனால்தான் பளபளப்பு இவற்றுக்குப் பொருந்தாது. அடிபட்ட கட்டையைப் பார்ப்பவர் யார் சுமந்தார், யார் எதிரில் நின்றார் என்று கேட்பார். வார்னிஷ் பூசியதைப் பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி வராது.

“யாருக்கும் கொடுக்காதே” என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டான்.

சேகரிக்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். இரும்புக்கு மெல்லிய எண்ணெய், மரத்துக்கு உலர்ந்த துணி, அவ்வளவே போதும். அமெரிக்கச் சிப்பாய்கள் போரிலிருந்து ரைஃபிள் கொண்டுவரும்போது மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதித் தாள் ஒன்றும் உடன் வந்தது. வாரிசுகள் பலர் ரைஃபிளை வைத்துக்கொண்டு தாளைக் குப்பையில் போட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாங்கும் அன்றே விற்பவரிடம் இது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். எழுதிய தாளையும் ரைஃபிளோடு சேர்த்தே அடுத்தவரிடம் கொடுங்கள்.