மபுட்டோவின் நீளும் குத்தகை

ஆசிரியருக்கு,

துறைமுகத் தனியார்மயம் பற்றிய கட்டுரையில் மொசாம்பிக்கின் மபுட்டோவையும் சேர்த்திருக்கலாம். 1992இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபோது அங்கே சரக்கு வற்றிக் கிடந்தது. 2003இல் அரசு ரயில்வேயும் தனியாரும் கூட்டாகத் துறைமுக நிர்வாகத்தைக் குத்தகைக்கு ஏற்றார்கள். 11 மீட்டர் ஆழமாக இருந்த கப்பல் கால்வாய் 14க்கு மேல் ஆழமானது. பெரிய கப்பல்கள் வந்தன. நல்லதுதான். கப்பலில் வேலை பார்த்த நாட்களில், அங்கே குரோம் தாது லாரிகள் துறைமுக வாசலில் வரிசைகட்டி நிற்பதையும், டிரைவர்கள் வண்டிக்கடியில் படுத்துத் தூங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

உறுத்துவது குத்தகைக் காலம். முதலில் 15 ஆண்டு என்றார்கள். 2010இல் 2033 வரை என்றார்கள். 2024இல் அது 2058 ஆகிவிட்டது. இரண்டு முறையும் கெடு முடியப் பல ஆண்டு இருந்தது. வீட்டு வாடகைக்கே நாம் பதினோரு மாதம்தான் எழுதுகிறோம்!

— ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர், தூத்துக்குடி