திசையறிந்து கடத்தும் பாறை

ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு கடத்தும் என்று வினவினால், ஓர் எண்ணைக் கூறி அமைந்துவிடலாம் என்பது பலர் எண்ணம். செப்புக் கம்பிக்கு அது பொருந்தும். பூமியின் ஆழத்துப் பாறைகள் பலவற்றிற்குப் பொருந்தாது. பனைமரத்தை நாரின் போக்கிலே பிளப்பது எளிது. குறுக்கே வெட்டுவதோ கோடரிக்கும் அரிது. அப்பாறைகளும் ஒரு திசையில் மின்சாரத்தை இனிது செல்லவிட்டு, அதன் குறுக்கே தடுத்து நிற்கின்றன.

ஜெர்மனியில் பவேரியாவைச் சார்ந்த விண்டிஷெஷென்பாக் என்னும் ஊரின் அருகே இத்தகைய பாறைகள் உள்ளன. பூமியின் காந்தப்புலம் இயல்பாய் அசையுந்தோறும் நிலத்தினுள்ளே மெல்லிய மின்னோட்டங்கள் எழும். அவற்றை மேலிருந்து அளந்த அறிஞர் திசைக்கொரு தன்மை கண்டனர். காரணம் யாது? இத்தகைய ஆழ்பாறைகளைப் பற்றி, பிளவுகளில் தேங்கிய உப்புநீர் என்பர் ஒரு சாரார். பென்சிலில் உள்ள கிராபைட் என்னும் கரியே என்பர் மற்றொரு சாரார். மேலிருந்து அளக்கும் கருவி இவ்வழக்கைத் தீர்க்கவல்லதன்று. நன்கு கடத்தும் மெல்லிய தகடுகள் பல அடுக்கி நிற்பினும், பாறையின் ஒவ்வொரு துணுக்குமே அத்தன்மையதாயினும், அது காட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றே.

ஆங்கு 1987-ஆம் ஆண்டு முதல் 4,000 மீட்டர் சோதனைத் துளையும், 1990 முதல் 1994 வரை பெருந்துளையும் இடப்பட்டன. பெருந்துளை 9,101 மீட்டரில் நின்றது. அதன் அடியில் வெப்பம் 265 பாகை செண்டிகிரேடு. கருதிய பத்துக் கிலோமீட்டரை எட்டாத துளையிற் பொருளைக் கொட்டியது வீண் என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். உப்புநீரும் கிடைத்தது, பாறைகள் ஒன்றோடொன்று உராய்ந்து நழுவிய தளங்களிற் பூசினாற்போலக் கிராபைட்டும் கிடைத்தது. அதனினும் பெரிது ஒன்றுண்டு. நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தினின்று எடுத்த துண்டுகளை உப்புநீரில் ஊறவைத்து அழுத்தினர். நீரே கடத்துவதாயின், நுண்பிளவுகள் மூடிக்கொள்ளக் கடத்துந்திறன் குறையவேண்டும். பெரும்பாலான துண்டுகளில் அது கூடிற்று. அக்கூடுதலும் திசைக்குத் திசை வேறுபட்டது! மேலே கொணர்ந்தபோது அற்றுப்போன மெல்லிய திடப்படலங்கள் அழுத்தத்தால் மீண்டும் கைகோத்தன என்பதன்றி வேறென் சொல்வது?

கணக்கின் எளிமை கருதித் திசைகளைக் கலந்து சராசரி எடுப்பார்க்கு இவையாவும் மறைந்துபோம். அவர் கூறும் எண்ணுக்குரிய பாறை அத்துளையின் எந்த ஆழத்திலும் இல்லை.