விஷக் கழிவுக்கு யார் பொறுப்பு?

தொழிற்சாலைக் கழிவு விஷயத்தில் ராஜ்ய அதிகாரிகள் மிதமிஞ்சித் தலையிடுகிறார்கள், அதனால் தொழில்கள் நசிக்கின்றன என்ற கூக்குரல் முதலாளிகளின் தரப்பிலிருந்து ஓயாமல் கேட்கிறது. டில்லி சர்க்காரின் காதில் அது நன்றாகவே விழுந்திருக்கிறது. 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை என்றிருந்தது. 2023-ல் நிறைவேறிய ஜன விஸ்வாஸ் சட்டம் அதை எடுத்துவிட்டது. 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் கட்டினால் தீர்ந்தது! 2024-ல் தண்ணீர்ச் சட்டமும் திருத்தப்பட்டது. எந்த வகை ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்குப் போயிற்று. ராஜ்ய வாரியத்தின் தலைவரை நியமிக்கும் முறையையும் அதுவே வகுக்குமாம்.

திருவண்ணாமலை ஜனங்களுக்கு இது எங்கோ நடக்கும் விவகாரமல்ல. 1989 வரை ராணிப்பேட்டையும் நாமும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. அங்கே சிப்காட் பேட்டையில் குரோமேட் உப்புத் தயாரித்த ஒரு கம்பெனி, 1990-களில் கதவை மூடிவிட்டுப் போயிற்று. லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை மட்டும் விட்டுச் சென்றது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அது அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் வழியும், கிணறுகள் கெட்டன. லாபத்தை முதலாளி கொண்டுபோனார், கழிவு ஊருக்கு! அதை அகற்றும் செலவு யார் தலையில் விழும் என்று சொல்லவும் வேண்டுமா?

தோல் ஷாப்புகளின் கதையும் வாசகர்கள் அறிந்ததே. பாலாற்றுப் படுகையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. கெடுத்தவனே நஷ்டஈடு தரவேண்டும் என்றும் சொன்னது. 28 வருஷத்துக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30-ந் தேதி, அதே கோர்ட் மறுபடியும் நஷ்டஈடு கொடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. ராஜ்ய சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டு, ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பது உத்தரவு. இதையா அளவுக்கு மீறிய தலையீடு என்கிறார்கள்? தலையிட வேண்டிய இடத்தில் தூங்கியதல்லவா குற்றம்!

ஆனால் சிறு தொழில் நடத்துகிறவரின் குறையை இந்தப் பெரிய முதலாளிகளின் கூக்குரலோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. 2016-ம் வருஷ விதிகளின்படி அபாயக் கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வருஷத்துக்குப் பத்து டன்னுக்குள் கழிவு உண்டாக்குகிறவருக்கு வாரியம் மனம்வைத்தால் 180 நாள். பிறகு எங்கே அனுப்புவது? கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுப் புதைகிடங்குக்கு லாரி பிடித்து அனுப்பவேண்டும். நாலு பேரை வைத்து முலாம் பூசும் பட்டறை நடத்துகிறவருக்கு லாரி வாடகையே பெரும் பாரம். பெரிய கம்பெனிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. இவருக்கோ கடையைக் கட்டுவதா, ராத்திரியில் ஓடையில் கொட்டுவதா என்ற நெருக்கடி. விதியைத் தளர்த்துவது இதற்கு மருந்தாகாது. கழிவை வாங்கிக்கொள்ளும் நிலையத்தைச் சர்க்காரே ஜில்லாதோறும் அமைத்து, சிறு பட்டறைகளிடம் குறைந்த கட்டணம் வசூலிக்கட்டும்.

தொழிலாளியின் பேச்சை இரு தரப்பும் எடுப்பதில்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆலை மூடினால் வேலை போகும், மூடாவிட்டால் உயிர் போகும் என்ற நிலையில் அவர்களை நிறுத்தியது யார்?

இப்போது நம் ஜில்லாவிலேயே செய்யாறு சிப்காட்டை விஸ்தரிக்க மேல்மா வட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கேட்கிறார்கள். எதிர்த்த விவசாயிகளில் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டத்தை ஏவிய ராஜ்ய சர்க்கார், நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே பின்வாங்கியது. உழவன்மீது பாய இவ்வளவு அதிகாரம் இருக்கிறது. விஷக் கழிவைக் கொட்டியவனிடம் மட்டும் அது எங்கே ஒளிந்துகொள்கிறது?

2024-ம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டத் திருத்தம் ராஜ்யச் சட்டசபை தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அந்த ராஜ்யத்தில் செல்லும். தமிழகச் சட்டசபை அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. செய்யாற்றில் எந்த ஆலை வந்தாலும், அதில் என்ன கழிவு, எத்தனை டன், எங்கே போகும் என்ற கணக்கை அனுமதிக்கு முன்பே கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். மூடிவிட்டு ஓடும் கம்பெனியின் கழிவை அகற்றும் செலவுக்கான ஜாமீன் தொகையை, முதல் மூட்டை சரக்கு வெளியேறுவதற்கு முன்பே வாரியம் வாங்கி வைக்க வேண்டும்.