தொழிலாளியின் தொண்டைக்கும் விளக்கு வேண்டும்!

ஊர்வலத்தின் முன்னால் நின்று கோஷம் எழுப்பும் மில் தோழர் ஒருவருக்குக் குரல் கம்மியது. "கோஷம் போட்ட தொண்டை, தானே சரியாகிவிடும்" என்றோம். நானும்தான் சொன்னேன். மருந்துக் கடைச் சிரப்பிலேயே ஐந்து மாதம் கழிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது குரல்வளையில் புற்று முற்றியிருந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, குரல் போயிற்று.

இதைத் தலைவிதி என்று விட்டுவிடலாமா? குரல் நாணில் தோன்றும் புற்று ஆரம்பத்திலேயே குரலை மாற்றித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே கண்டுபிடித்தால் கதிர்வீச்சினாலோ லேசரினாலோ பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் குணமாகிறார்கள். பெரும்பாலும் குரலும் தங்குகிறது.

கண்டுபிடிக்க வழியும் உண்டு. 1854இல் மானுவல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர் இரண்டு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் குரல் நாணைத் தானே பார்த்தார். இன்று மூக்கு வழியே விடும் மெல்லிய எண்டோஸ்கோப் குழாய் சில நிமிஷங்களில் தொண்டையைத் திரையில் காட்டுகிறது. ஜப்பானில் உருவான புது முறையில் நீல ஒளியையும் பச்சை ஒளியையும் மட்டும் பாய்ச்சுகிறார்கள். ரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரிகின்றன. புற்று முளைக்கும் இடத்தில் அவை தாறுமாறாக வளைந்து பழுப்புப் புள்ளிகளாய் நிற்கும். வெள்ளை ஒளியில் தப்பிவிடும் திட்டும் இதில் அகப்படும். பிறகு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்து உறுதி செய்வார்கள்.

விஞ்ஞானம் இருக்கிறது. யாருக்கு? வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு.

"பீடி குடித்தாய், சாராயம் குடித்தாய்" என்று நம் தலையிலேயே பழி போடுவார்கள். அவை காரணம்தான், விடத்தான் வேண்டும். ஆனால் கல்நார்த் தூசியும் கந்தக அமிலப் புகையும் குரல்வளைப் புற்றைத் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமே சொல்லியிருக்கிறதே! அந்தத் தூசியைச் சுவாசிக்க வைத்தது யார்?

தாலுகா ஆஸ்பத்திரிதோறும் எண்டோஸ்கோப்பும் அதைக் கையாளும் டாக்டரும் வேண்டும். மாவட்டந்தோறும் நீல ஒளிக் கருவி வேண்டும். பரிசோதனை நாளுக்குக் கூலி வேண்டும். சங்கக் கிளைகள் இவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். மூன்று வாரமாகக் குரல் கம்மியிருக்கும் தோழரைக் கையோடு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உரிமை கேட்க நமக்குள்ள முதல் ஆயுதம் குரல். அதை இழக்கலாகாது!