நாகைத் தெருக்களில் யார் பெயர்?

நாகப்பட்டினத்தின் பெருமையைச் சொல்லும் எந்தக் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம், அதற்கு விடப்பட்ட ஆனைமங்கலம் கிராமம், பிறகு போர்த்துக்கீசியன், 1658இல் டச்சுக்காரன், 1781இல் இங்கிலீஷ்காரன் என்று வரிசையாக இருக்கும். ஆண்டவன், கொள்ளையடித்தவன், இடித்தவன் எல்லோருக்கும் அதில் இடமுண்டு. ஆனைமங்கலத்தில் நெல் விளைவித்தவனுக்கு இல்லை.

மன்னர்களின் கதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு முழுக் கதை என்று விற்காதீர்கள் என்கிறோம்.

1659 முதல் 1661 வரை நடந்ததைப் பாருங்கள். பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. பின்னாலேயே பஞ்சம் வந்தது. காவேரி பாயும் நெல் பூமியில் சோறில்லாமல் ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி, இந்தக் கரையிலிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. டச்சுக்காரன் கட்டிய கோட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியிலும் அதே கரைதான். மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணி திரட்டிய கூட்டம் இங்கிருந்துதான் பினாங்குக்குக் கப்பலேறியது. 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை அந்த ஆள்பிடிப்பு நடந்தது. தஞ்சைப் பண்ணையாளுக்கு ஒரு பக்கம் மிராசுதார், மறுபக்கம் கங்காணி. தப்பி ஓடியவன் துரையிடம் போய் மாட்டிக்கொண்டான்.

1860களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து திருச்சிக்கு ரயில் ஓடிற்று. இங்கே பெரிய ரயில்வே பட்டறையும் எழுந்தது. 1920களின் இறுதியில் பட்டறையைப் பொன்மலைக்குக் கொண்டுபோகும் சாக்கில் கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியது. ஆண்டாண்டாக இரும்படித்தவனுக்குத் தொழில் தேர்வு வைக்க வந்தார்கள்! 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. அதற்காகத் தோழர் சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930இல் வெளியே வந்தார். நாகைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரு என்றதும் இன்னொன்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மண் வெட்டிக் கப்பி அடித்து ரோடு போட்ட பண்ணையாள், இந்த ஜில்லாவில் மேல்சாதித் தெருவில் செருப்போடு நடக்க முடியாது. தோளில் துண்டு போட முடியாது. சவுக்கடியும் சாணிப்பாலும் அவனுக்குக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. தோழர் பி.சீனிவாசராவ் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார். அதன் பலனாக 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் அந்தக் கொடுமைகளை நிறுத்த மிராசுதார்கள் கையெழுத்திட்டார்கள். ஆகவே தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதே நமக்குப் போராடிப் பெற்ற சொத்து.

பூங்காவும் அப்படித்தான். தோட்டமுள்ள பங்களாக்காரனுக்குப் பூங்கா எதற்கு? ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் குடும்பத்துக்கல்லவா மாலையில் ஒரு மரநிழலும் ஒரு பெஞ்சும் வேண்டும்! அதைக் கட்டணம் வைத்துப் பூட்டுவது அந்தக் குடும்பத்தை வெளியே நிறுத்துவதாகும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது, அன்றைய நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வீடு வீடாகச் சாவு. கரையை அழகுபடுத்தத் திட்டம் போடுகிறவர்கள், முதலில் அந்த மீனவர்களைக் கேட்டுவிட்டுப் போடட்டும்.

நகராட்சி மன்றத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கை பெரிய செலவு பிடிப்பதல்ல. துறைமுகத்தருகே, கப்பலேற்றப்பட்ட அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் ஒரு கல். ரயிலடியில் 1928 வேலைநிறுத்தத் தொழிலாளருக்கு ஒரு கல். புதிய தெருக்களுக்குப் பெயர் வைக்கும்போது தொழிற்சங்கங்களையும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தையும் மீனவர் பஞ்சாயத்துகளையும் அழைத்துப் பேச வேண்டும். பெயர்ப்பலகை நடும் முன், அந்தத் தெருவுக்குச் சாக்கடையும் விளக்கும் போட வேண்டும். இந்தக் கோரிக்கையைக் கையெழுத்து வாங்கி மன்றத்துக்கு அனுப்பும் வேலையை அந்தந்தக் கிளைகள் உடனே தொடங்கட்டும்.